இரண்டு கோடி அச்சுகள், இருபது மில்லிமீட்டர்

மழை விட்டதும் நெடுஞ்சாலைச் சிக்னல் ஒன்றின் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் பாருங்கள். லாரிகளும் பேருந்துகளும் நிற்கும் தடத்தில் இரண்டு நீளமான நீர்க்கோடுகள் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒரு லாரியின் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்தான். வெயில் நாளில் அந்தக் கோடுகள் கண்ணில் படாது. ஆனால் இருசக்கர வண்டியில் போகிறவருக்குக் கை சொல்லிவிடும். தடம் மாறும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும்.

சிக்னலைத் தாண்டி நூறு மீட்டர் போனால் அதே சாலை சமமாக இருக்கிறது. பக்கத்தில் கார்கள் அதிகம் ஓடும் தடமும் சமமாக இருக்கிறது. ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே கலவையைக் கொட்டி, ஒரே ரோலரை ஓட்டிப் போட்ட சாலை அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழையில் பெயர்ந்து ஜல்லி சிதறிக் கிடக்கும் குழி வேறு, இது வேறு. இங்கே ஒரு கல்கூட வெளியே போகவில்லை, தார் கரைந்து ஓடவும் இல்லை. ஆனாலும் ஒரு விரல் கனத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அங்கே இருந்த பொருள் எங்கே போயிற்று?

சக்கரங்கள் ஓடும் வரிசையில் மட்டும் நீளவாக்கில் விழும் இந்தப் பள்ளத்தைத் தடப்பள்ளம் என்று அழைப்போம். “தார் கம்மியா போட்டிருப்பான்” என்பதுதான் இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். பல இடங்களில் நடந்திருப்பது அதற்கு நேர் எதிரானது. அதைப் புரிந்துகொள்ள முதலில் சாலைக்குள் இறங்க வேண்டும்.

ஒரு சாண் வட்டத்தில் இரண்டு டன்

நெடுஞ்சாலையில் கறுப்பாகத் தெரிவது மேல் அடுக்கு மட்டும்தான். அதன் கனம் நான்கைந்து சென்டிமீட்டர். அதற்குக் கீழே இன்னும் பெரிய ஜல்லி கலந்த தார் அடுக்கு. அதற்கும் கீழே தார் சேராமல், நீர் தெளித்துக் கலந்து இறுக்கிய ஜல்லி அடுக்கு. அதன்கீழ் கிராவல். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஊரின் மண். செம்மண்ணோ கரிசலோ, அதை அடிமண் என்று சொல்லலாம். அடிமண்ணுக்கு மேலே உள்ள எல்லா அடுக்குகளையும் சேர்த்தால் பெரிய நெடுஞ்சாலைகளில் அரை மீட்டரைத் தாண்டும்.

இத்தனை அடுக்குகள் எதற்கு? லாரியின் பின் அச்சு ஒன்றில் எட்டு டன் எடை இருக்கிறது, நான்கு டயர்கள் அதைத் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு இரண்டு டன். அந்த டயர் தரையைத் தொடும் இடமோ ஏறக்குறைய ஒரு சாண் விட்டமுள்ள வட்டம்தான். மழையில் ஊறிய கரிசல் மண்மேல் அந்த அழுத்தம் நேராக விழுந்தால் டயர் புதைந்துவிடும். அடுக்குகள் செய்யும் வேலை அந்த எடையைப் பக்கவாட்டில் பரப்பி, மேலும் மேலும் அகலமான பரப்புக்குக் கைமாற்றிக்கொண்டே கீழே இறக்குவது. அடிமண்ணை எட்டும்போது மேலே இருந்த அழுத்தத்தின் ஒரு சிறு பங்குதான் மிஞ்ச வேண்டும். சாலையின் கனத்தைத் தீர்மானிப்பது இந்தக் கைமாற்றம்தான்.

எடை அச்சின் வழியாக இறங்குகிறது, அச்சிலிருந்து டயருக்குப் போகிறது. அதனால் ஒரு லாரி மொத்தம் எத்தனை டன் என்பதைவிட, ஓர் அச்சுக்கு எத்தனை டன் என்பதே சாலைக்கு முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அமுங்கி எழும் சாலை

லாரி போகும்போது சாலை அமுங்குகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் நல்ல சாலையும் அமுங்கும், லாரி கடந்ததும் எழும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனைக்காக ஏ. சி. பெங்கல்மேன் என்ற பொறியாளர் இதை அளக்க எளிய கருவி ஒன்றைச் செய்தார். நீளமான ஒரு நெம்புகோல். அதன் முனையை லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவே தரையில் வைப்பார்கள். லாரி மெல்ல நகர்ந்து போகும். அமுங்கியிருந்த தரை எழும்போது நெம்புகோலின் முனையும் எழும். மறுமுனையில் உள்ள அளவி அதைக் காட்டிவிடும். இந்தியாவிலும் பல ஆண்டுகளாக இந்தக் கருவியால்தான் சாலையின் வலுவை அளந்தார்கள். வலுவான சாலையில் சுமையேற்றிய அச்சின்கீழ் இந்த அமுக்கம் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

அமுங்கிய சாலை முழுவதும் எழுந்துவிட்டால் தடப்பள்ளமே விழாது. எவ்வளவு எழாமல் தங்கிவிடுகிறது?

இந்திய வடிவமைப்பு விதிகளில் தடப்பள்ளத்தின் ஆழம் 20 மில்லிமீட்டரை எட்டினால் அந்தச் சாலையின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வார்கள். அந்த ஆழத்துக்கு முன் அது எத்தனை அச்சுகளைச் சுமக்க வேண்டும் என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்வார்கள். ஓரளவு பெரிய நெடுஞ்சாலை ஒன்றுக்கு இரண்டு கோடி அச்சுகள் என்று வைப்போம். இருபது மில்லிமீட்டரை இரண்டு கோடியால் வகுத்தால் ஓர் அச்சுக்குக் கிடைப்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது ஒரு நானோமீட்டர். சில அணுக்களை வரிசையாக அடுக்கினால் வரும் நீளம்.

இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அரை மில்லிமீட்டர் அமுங்கும் சாலை, அதில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிவிடுகிறது. அந்த ஒரு பங்கு மட்டும் தங்குகிறது. அடுத்த அச்சு இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. நம் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிவது இந்த மீளாத மிச்சங்களின் கூட்டுத்தொகை.

ஆனால் ஒரு நானோமீட்டர் என்பது சராசரி. எல்லா அச்சும் சமமாக மிச்சம் வைத்துப் போவதில்லை. புதுச் சாலை முதல் சில மாதங்களில் சற்று வேகமாகவே இறுகி அமுங்கும், பிறகு நிதானப்படும். அதற்குப் பிறகு மிச்சத்தைக் கூட்டும் காரணங்கள் இரண்டு. ஒன்று எடை. மற்றது வெப்பமும் நேரமும் சேர்ந்தது.

ஒட்டாவா ஊர்ச் சோதனை

எடை கூடினால் சேதம் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு இதுவரை நடந்ததிலேயே பெரிய சோதனை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற சிற்றூருக்கு அருகில் நடந்தது. கேட்டவர்கள் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கத்தினர். பின்னாளில் 80-ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை போக இருந்த வழியில் ஆறு வளையச் சாலைகளைப் போட்டார்கள். ஒவ்வொரு வளையத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு கனத்தில் கட்டினார்கள். ஒரு துண்டில் மேலடுக்கு மெலிதாக இருக்கும், அடுத்ததில் ஜல்லி கூடுதலாக இருக்கும்.

ஒரு வளையத்தில் போக்குவரத்தே விடவில்லை. வெயிலும் பனியும் மட்டும் என்ன செய்கின்றன என்று பார்க்க அது. மற்ற ஐந்திலும் 1958 அக்டோபரிலிருந்து 1960 நவம்பர் வரை ராணுவ ஓட்டுநர்கள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒரு தடத்தில் எப்போதும் ஒரே எடை. மிக லேசான அச்சு ஒரு டன்னுக்கும் குறைவு, மிகக் கனமான ஒற்றை அச்சு 13.6 டன். ஒவ்வொரு தடத்திலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுகள் கடந்தன.

எது சேதம் என்பதை அவர்கள் தீர்மானித்த விதம் எனக்குப் பிடிக்கும். பொறியாளர்கள் தாங்களே ஓர் அளவை வைக்கவில்லை. பலரைச் சாலைகளில் பயணிக்கச் சொல்லி, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணைச் சாலையின் மேடு பள்ளம், விரிசல், தடப்பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்துகொண்டே போவதுதான் சாலையின் முதுமை.

இரண்டு ஆண்டு ஓட்டத்தில் கிடைத்த எண்களிலிருந்து தெரிந்தது இது. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்கும் ஆகவில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்கானது. இரண்டை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண் அது. இதை நான்காம் படி விதி என்பார்கள். எடை மூன்று மடங்கானால் மூன்றை நான்கு முறை எழுதிப் பெருக்க வேண்டும். சேதம் எண்பத்தொரு மடங்கு.

முப்பத்தாறு டன் ஜல்லி

இந்த விதியை ஒரு கல்குவாரிக்குக் கொண்டுவருவோம். குவாரியிலிருந்து ஒரு கட்டடத்துக்கு 36 டன் ஜல்லி போக வேண்டும். கையில் இருப்பது இரண்டு அச்சு லாரி. காலியாக அதன் எடை ஆறரை டன் என்று வைப்போம்.

இந்தியா உட்படப் பல நாடுகளில் சாலைப் பொறியாளர்கள் ஒப்பிடுவதற்கு ஓர் அச்சை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சில் 8.16 டன். இதைத் தர அச்சு என்று சொல்வோம். இது ஒரு முறை கடந்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஒன்று. மேலே நாம் எண்ணிய இரண்டு கோடியும் இந்தத் தர அச்சுகள்தான்.

முதலில் விதிப்படி போவோம். இந்தியாவில் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 2018 வரை உச்சவரம்பு 10.2 டன். அந்த ஆண்டு அதை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். நம் லாரியில் 12 டன் ஜல்லி ஏற்றினால் பின் அச்சில் ஏறக்குறைய 11.5 டன் விழும். இது தர அச்சைப்போல் 1.41 மடங்கு. அதை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் கிட்டத்தட்ட நான்கு வருகிறது. அதாவது சட்டப்படி ஏற்றிய ஒரு லாரியின் பின் அச்சு, நான்கு தர அச்சுகளுக்குச் சமம். 36 டன்னுக்கு மூன்று நடை. மூன்று நான்கு, பன்னிரண்டு.

இனி ஓவர்லோடு. ஒரு நடையை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு முறையும் 18 டன் ஏற்றுகிறார்கள். கூடுதலான ஆறு டன்னில் பெரும்பகுதி பின் அச்சில்தான் இறங்கும். அதன் எடை 16.3 டன்னுக்குப் போய்விடும். அது தர அச்சைப்போல் சரியாக இரண்டு மடங்கு. சேதம் பதினாறு. இரண்டு நடைக்கு முப்பத்திரண்டு.

ஜல்லி அதே 36 டன். லாரிகூட அதே லாரி. ஆனால் சாலையின் கணக்கில் 12 இருந்த இடத்தில் 32 ஏறியிருக்கிறது. மிச்சமானது ஒரு நடையின் டீசலும் ஓட்டுநரின் சில மணி நேரமும். காலியாகத் திரும்பும் நடைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. காலி லாரியின் பின் அச்சு மூன்றரை டன் அளவில்தான் இருக்கும். அதன் சேதம் ஒரு தர அச்சின் சேதத்தில் முப்பதில் ஒரு பங்குதான் வரும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் ஊரில் டாரஸ் என்று சொல்லும் மூன்று அச்சு லாரி. அதன் பின்னால் இரண்டு அச்சுகள் அடுத்தடுத்து இருக்கும், மொத்தம் எட்டு டயர்கள். இந்த இரட்டை அச்சுக்குச் சட்டப்படி 21 டன் வரை அனுமதி. இதற்கு வேறு அளவுகோல் உண்டு. இந்திய விதிகளில் சுமார் 15 டன் ஏற்றிய இரட்டை அச்சு, ஒரு தர அச்சுக்குச் சமம். 21 டன் ஏற்றினால் சேதம் 3.7 வருகிறது. டாரஸில் 18 டன் ஜல்லி ஏற்றி இரண்டு நடை போனால் சேதம் ஏழரையைத் தாண்டாது.

மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: 12, 32, ஏழரைக்குள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடைகளின் எண்ணிக்கை ஒன்றே, ஏற்றிய ஜல்லியும் ஒன்றே. வேறுபாடு ஓர் அச்சும் நான்கு டயரும். பெரிய லாரியைப் பார்த்தாலே சாலை கெட்டுவிடும் என்று நாம் நினைப்பது இதனால்தான் தவறு. பத்து, பன்னிரண்டு சக்கரங்களில் விதிப்படி எடை ஏற்றி வரும் வண்டியைவிட, ஆறு சக்கரத்தில் வழிய வழிய ஏற்றி வரும் சிறிய டிப்பர் சாலைக்குப் பெரிய எதிரி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது, கூடுதல் சுமையை இறக்கவும் சொல்கிறது. இந்த அபராதம் டன் ஒவ்வொன்றுக்கும் ஒரே சீராக ஏறுகிறது. சேதம் அப்படி ஏறுவதில்லை. முதல் கூடுதல் டன்னைவிட ஆறாவது டன் சாலையை மிக அதிகமாகத் தாக்குகிறது.

காருக்கு வருவோம். அச்சுக்கு 600 கிலோ உள்ள ஒரு காரை, 11.5 டன் அச்சோடு ஒப்பிட்டால் விகிதம் ஒரு லட்சத்துக்கும் மேல் போகிறது. இவ்வளவு லேசான எடைக்கு விதியை நீட்டுவது சரியல்ல என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் காரின் பங்கு புறக்கணிக்கத் தக்கது என்பதில் ஐயம் இல்லை. சாலையின் கனத்தை வடிவமைக்கும் பொறியாளர்கள் கார்களை எண்ணுவதே இல்லை.

நான்கு என்பது இயற்கையின் மாறாத எண்ணும் அல்ல. அது இல்லினாயின் ஒரே வகை மண்ணிலும் ஒரே வகைக் குளிரிலும் கிடைத்தது. அங்கே பல துண்டுகள் உடைந்தது வசந்த காலத்தில், உறைந்திருந்த அடிமண் உருகிச் சேறான வாரங்களில். நமக்கு அந்த வேலையைப் பருவமழை செய்கிறது. அடிமண் அமுங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்திய விதிகள் நான்கரைப் படி என்று வைத்திருக்கின்றன. மேலே உள்ள தார்க்கலவை அமுங்குவதில் எடைக்கு இவ்வளவு கொடுமையான ஏற்றம் இல்லை. அங்கே வேறொன்று ஆட்சி செய்கிறது.

திடமா, திரவமா

நாம் தார் என்று சொல்வது பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். குளிர்ந்த காலையில் சுத்தியலால் அடித்தால் உடையும். அதே துண்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் பரந்து கிடக்கும். அவசரமாகத் தொட்டால் திடம், பொறுமையாகத் தொட்டால் திரவம்.

இதை மாணவர்களுக்குக் காட்ட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். பிட்டுமனுக்கு நெருங்கிய உறவான கீல் என்ற கறுப்புப் பொருளை ஒரு புனலில் ஊற்றி ஆற விட்டார். 1930-ல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். அது சொட்டத் தொடங்கியது. 2014 வரை விழுந்தது ஒன்பது சொட்டு.

அந்தச் சோதனை நடப்பது அறை வெப்பத்தில். கறுப்புச் சாலையோ வெயிலைப் பெருமளவு உள்வாங்குகிறது. காற்று 40 டிகிரி இருக்கும் சித்திரை வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டும். நெடுஞ்சாலைகளில் பரவலாகப் போடும் பிட்டுமன் ரகமான விஜி-30, சோதனைக்கூடத்தில் 47 டிகிரியைத் தாங்கினாலே தேறிவிடும். அந்தச் சோதனையில் பிட்டுமன் தட்டின்மேல் சிறு இரும்புக் குண்டு ஒன்றை வைத்துச் சூடாக்குவார்கள். குண்டு அதை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும் வெப்பம்தான் மென்மையாகும் வெப்பம். கோடை மதியத்தில் சாலையின் பிட்டுமன் அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது.

வெப்பத்தோடு நேரத்தையும் சேருங்கள். டயர் தரையைத் தொடும் நீளம் 25 சென்டிமீட்டர் என்று வைப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி, ஒரு புள்ளியைக் கடக்க எடுப்பது 15 மில்லிநொடி. அந்தப் பொழுதுக்குள் பிட்டுமனுக்கு ஒழுக நேரமில்லை. ஏறக்குறைய திடப்பொருளைப்போல் அமுங்கி எழுந்துவிடும். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அதே புள்ளியின்மேல் பன்னிரண்டு மடங்கு நேரம் எடை இருக்கிறது. சிக்னலில் ஒரு நிமிடம் நின்றால்? 4,000 டயர்கள் ஓட்டத்தில் கடக்கும்போது அந்தப் புள்ளி சுமக்கும் மொத்த நேரத்தை, ஒரே டயரின்கீழ் ஒரே மூச்சில் சுமக்கிறது. போதாததற்குப் பிரேக் பிடிக்கும்போதும் மறுபடி கிளம்பும்போதும் டயர் சாலையை நீளவாக்கில் இழுத்துத் தள்ளுகிறது.

நூறு மீட்டர் தள்ளி அதே சாலை ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். மலைப்பாதை ஏற்றங்களிலும், பேருந்து நிறுத்தங்களிலும், எடைமேடைக்கு முன்னால் வரிசை நிற்கும் இடங்களிலும் தடப்பள்ளம் முந்தி விழுவதற்கும் காரணம் இதுவே. சுங்கச்சாவடிகளில் வண்டிகள் நிற்கும் தடங்களுக்குத் தாருக்குப் பதில் சிமென்ட் கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் வெயிலில் ஒழுகாது.

பாகு கூடிய உருண்டை

கடலை உருண்டை பிடித்தவர்களுக்குத் தெரியும். பாகு குறைந்தால் உருண்டை உதிரும். பாகு கூடினால் உதிராது, ஆனால் நிற்காது. கடலைகள் ஒன்றையொன்று தொடாமல் பாகில் மிதக்கும், தட்டில் வைத்த உருண்டை மெல்லச் சப்பையாகும். தார்க்கலவையின் கதையும் இதேதான்.

கலவையின் எடையில் பிட்டுமன் ஐந்து சதவீதம் அளவுதான். எடையைத் தாங்குவது அது அல்ல. ஜல்லிகள் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொண்டு தாங்குகின்றன. பிட்டுமன் அந்தப் பூட்டு கலையாமல் பிடித்து வைக்கிறது, தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. இறுக்கிய கலவைக்குள் கொஞ்சம் காற்று இருந்தே ஆக வேண்டும். சோதனைக்கூடத்தில் இந்தக் காற்றிடம் 3 முதல் 5 சதவீதம் இருக்கும்படி கலவையை வடிவமைப்பார்கள். கோடையில் பிட்டுமன் விரியும்போது ஒதுங்க அந்த இடம் வேண்டும்.

பிட்டுமன் கூடுதலாகப் போட்ட கலவையில் என்ன நடக்கிறது? லாரிகள் ஓட ஓடக் கலவை மேலும் இறுகி, காற்றிடம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் டயரின் அழுத்தத்தை ஜல்லி தாங்குவதில்லை, ஜல்லிகளுக்கு இடையே நிரம்பிய பிட்டுமன் தாங்குகிறது. சூடான பிட்டுமனோ திரவம். டயரின்கீழிருந்து கலவை பக்கவாட்டில் நழுவுகிறது. மேலே பளபளப்பான கறுப்புத் திட்டுகள் எழும்புகின்றன. பளபளப்பைப் பார்த்து நல்ல தார் போட்டிருக்கிறார்கள் என்று நாம் பாராட்டுகிறோம். அந்தப் பளபளப்பு பள்ளத்தின் முன்னறிவிப்பு.

பொருள் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் இங்கே பாதி விடை கிடைக்கிறது. பள்ளத்தின் இரு ஓரங்களிலும் கையை வைத்துப் பாருங்கள். சாலையின் பழைய மட்டத்தைவிட உயர்ந்த மெல்லிய வரப்புகள் தட்டுப்படும். நடுவிலிருந்து நழுவிய கலவை அங்கே ஏறி நிற்கிறது.

தீர்வுகளும் இதே வழியில் வந்தவை. வெயிலில் அவ்வளவு எளிதில் இளகாத விஜி-40 ரகத்தைக் கனரகப் போக்குவரத்துள்ள சாலைகளுக்குப் போடுகிறார்கள். 1960-களில் ஜெர்மனியில் உருவான ஒரு கலவையில் பெரிய ஜல்லிகளே பெரும்பங்கு. அவை நேராக ஒன்றோடொன்று முட்டி நிற்கும். இடையில் உள்ள பிட்டுமன் வழியாமல் இருக்க நார் சேர்ப்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் சூடான ஜல்லியின்மேல் நறுக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினார். அது உருகி ஜல்லியின்மேல் மெல்லிய உறையாகப் படிந்தது. அதன்பின் பிட்டுமன் கலந்தால் பிடிப்பு கூடுகிறது, வெயிலில் கலவை இளகுவது குறைகிறது. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ஒரு சாலை போட்டார். பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு அந்த முறை பரவியது. ஆனால் இவை எல்லாம் மேலடுக்கின் நோய்க்கு மருந்து. நோய் கீழே இருந்தால் இவற்றால் பயனில்லை.

வெட்டிப் பார்த்தால்

ஒட்டாவா சோதனையில் ஓட்டம் முடிந்த பிறகும் வேலை முடியவில்லை. சாலையைக் குறுக்கே வெட்டிப் பள்ளம் தோண்டினார்கள். சுவரில் அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வோர் அடுக்கும் சக்கரத் தடத்தின்கீழ் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்தார்கள். மேற்பரப்பில் தெரிந்த பள்ளத்தில் ஏறத்தாழ 32 சதவீதம் தார் அடுக்கு மெலிந்ததால் வந்தது. 14 சதவீதம் ஜல்லி அடுக்கிலிருந்து, 45 சதவீதம் அதற்குக் கீழே இருந்த கிராவல் அடுக்கிலிருந்து. அடிமண்ணின் பங்கு 9 சதவீதம் மட்டும். அடுக்குகள் மெலிந்ததற்கு முக்கியக் காரணம் இறுகியது அல்ல. பொருள் பக்கவாட்டில் நகர்ந்ததுதான். மேலே கண்ட வரப்புகளைப் போலவே கீழேயும் ஜல்லியும் கிராவலும் டயரின் அடியிலிருந்து ஒதுங்கியிருந்தன. அந்தச் சாலைகளில் எதுவும் காணாமல் போகவில்லை, இடம் மாறியது.

ஒவ்வொரு சாலையிலும் இந்தப் பங்கு வேறு வேறாக இருக்கும். வெட்டாமலே ஓரளவு ஊகிக்கலாம். பள்ளம் குறுகலாக, ஓரத்தில் வரப்போடு இருந்தால் நோய் தார்க்கலவையில். வரப்பு இல்லாமல், அகலமாக, தொட்டிபோல் சரிந்திருந்தால் நோய் ஆழத்தில். அங்கே கிராவலோ அடிமண்ணோ நீரூறி வலுவிழந்திருக்கிறது. சாலையின் இடது ஓரத்துப் பள்ளம் பல இடங்களில் ஆழமாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலை அந்தப் பக்கம் சரிந்திருப்பதால் லாரியின் எடை சற்று அதிகமாக இடச் சக்கரத்தில் சாய்கிறது, ஓரத்து மண்ணிலிருந்து தண்ணீரும் அங்கேதான் முதலில் உள்ளே வருகிறது.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் செய்யும் பழுதுவேலை வீண். நம் ஊர்களில் வழக்கமான வைத்தியம் பழைய சாலையின்மேல் புதிதாக ஓர் அடுக்கு போடுவது. தடப்பள்ளம் உள்ள இடத்தில் அந்த அடுக்கு மற்ற இடத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் கனமாக விழுகிறது. அதன்மேல் இரும்பு ரோலர் ஓடும்போது அதன் உருளை இருபக்கத்து மேடுகளின்மேல் தாங்கி நிற்கும். பள்ளத்துக்குள் விழுந்த கலவைக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. இறுகாமல் விட்ட அந்தக் கலவையை அடுத்த கோடையில் லாரிகள் இறுக்குகின்றன. பழைய வரிசையிலேயே பள்ளம் திரும்ப விழுகிறது. அடியில் நழுவும் கலவை அப்படியே இருந்தால் அதுவும் தன் வேலையைத் தொடர்கிறது.

கலவைதான் நோய் என்றால் அதை இயந்திரத்தால் சீவி எடுத்துவிட்டு, சமமான தளத்தின்மேல் புதுக் கலவை போட வேண்டும். கிராவலோ அடிமண்ணோ நோய் என்றால் முதலில் ஓரத்து வடிகாலைச் சரிசெய்து, தேவையான இடத்தில் அடிவரை தோண்டி, அடுக்குகளைக் கீழிருந்து மறுபடி கட்ட வேண்டும். இரண்டுக்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. எந்த வேலை வேண்டும் என்பதை, டெண்டர் விடும் முன் தடத்தின் குறுக்கே வெட்டிப் பார்க்கும் ஒரு குழி சொல்லிவிடும்.